பைரோமீட்டருக்குத் தமிழ் எழுதியவனுக்கு

இன்று காலை நம் கல்லூரி ஸ்டோரில் ஒரு மரப்பெட்டியைப் பிரித்தோம். ஆணிகளைப் பிடுங்கி மேல்பலகையைத் தூக்கியதும் காய்ந்த வைக்கோலும் எந்திர எண்ணெயும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே புதிதாக வந்த கருவி. அதன்மேல் வழவழப்பான தாளில் அச்சிட்ட ஆங்கிலப் புத்தகம். கடைசி ஆண்டு மாணவர்கள் சுற்றி நின்றார்கள். நல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு மாணவன் அந்தப் புத்தகத்தை எடுத்து நடுப்பக்கத்தைத் திறந்தான். இரண்டு வரி பார்த்திருப்பான். சட்டென்று மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. காலியாக இருந்த வகுப்பறையில் வந்து உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. நான் இந்தக் கல்லூரிக்கே ஆசிரியனாகத் திரும்பி வந்து நான்கு மாதம் ஆகிறது. உனக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பாய்.

நாம் இருவரும் ஒரே நாளில்தான் பீங்கான் டிப்ளமோவில் சேர்ந்தோம். நான் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து, தமிழில் படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறி, டவுனுக்கு வந்தவன். நீ மாதா கோயில் பின்தெரு. உன் அப்பா இல்லை. அம்மா தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில், சூளைக்குப் போகும் முன் பச்சைக் கோப்பைகளின் பிசிறைச் சீவி ஈரத்துணியால் துடைக்கும் வேலை பார்த்தார்கள். பங்குச் சாமியார் படித்துப் போட்ட பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை வாங்கி வாங்கிப் படித்து உனக்கு ஆங்கிலம் வந்திருந்தது. எங்கள் யாருக்கும் வராதது அது. ஆனால் நீ அதை மினுக்கியதில்லை.

நமக்கு முந்தைய ஆண்டு மாணவர் ஒருவர் வடக்கே ஒரு பெரிய தொழிற்சாலைக்கு நேர்காணலுக்குப் போய்விட்டு வந்தது உனக்கு நினைவிருக்கும். ஊர் ஊராகப் புதிதாகக் கரண்டு வந்துகொண்டிருந்த காலம். கம்பத்துக்குக் கம்பம் பீங்கான் இன்சுலேட்டர் வேண்டியிருந்தது. ரயில் பெட்டிகள்போல வண்டிகள் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளிவரும் நீளச் சூளைகள் வந்துவிட்டன என்று புத்தகத்தில் மட்டும் படித்திருந்தோம். நேர்காணலில் அதிகாரி ஒரு நீளத் தாளை அவர் முன் விரித்து, அதிலிருந்த வளைந்த கோட்டைக் காட்டி, இது என்ன என்று கேட்டாராம்.

"பூகம்பம் பதிவாகிற தாளுன்னு சொல்லிட்டேன்டா" என்றார் அவர். விடுதி முழுக்கச் சிரித்தது.

நீ மட்டும் சிரிக்கவில்லை. "அது சூளையோட சூடுடா. பைரோமீட்டர் போடற கோடு. அடுத்த வருஷம் அந்த நாற்காலியில நாமதான் ஒக்காரப் போறோம், சிரிக்காதீங்க" என்றாய்.

அந்தப் பைரோமீட்டர் நம் ஸ்டோரிலேயே ஒன்று இருந்தது என்பதுதான் கொடுமை. வெளிநாட்டிலிருந்து வந்து, பெட்டியைவிட்டு வெளியே வராமல் பூட்டிக் கிடந்தது. நம் சூளைக் கூடத்துக்கு ஃபோர்மேன் சார்தான் எல்லாம். சூளையில் கரி தள்ளும் வேலையில் தொடங்கி மேலே வந்தவர். பார்வைத் துளை வழியாக ஒரு கண்ணை வைத்துப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவரிடம் நீ போய்க் கேட்டாய். நான் உன் பின்னால் நின்றேன்.

"அது ஆடிட்டுக்குக் காட்டற சாமான்பா. ஒடஞ்சா எவன் பதில் சொல்றது?"

"சாமானைக் காட்டிட்டு எங்களயும் காட்டுங்க சார். பசங்க கத்துக்கிட்டாங்கன்னு சொல்லுங்க."

"எனக்கு எதுக்குடா அது? கண்ணு இருக்குது."

"உங்களுக்குக் கண்ணு இருக்குதுங்க சார். எங்களுக்கு அந்தக் கண்ணு வர இருவது வருஷம் ஆவும். வேலைக்கு அடுத்த வருஷமே போவணும்."

அவர் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று தரவில்லை. நீ மூன்று மாதம் விடாமல் போனாய். கடைசியில் முதல்வரிடம் அவரே பேசி, கருவி இருந்த அறையின் சாவியை உன் கையில் கொடுத்தார். "இது உன் பொறுப்பு. வேற எவனும் தொடக் கூடாது" என்றார்.

கருவி வெளியே வந்த பிறகுதான் அடுத்த சுவர் தெரிந்தது. அதன் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. முப்பது பேரில் நீ ஒருவன்தான் படிக்க முடியும். வேறு யாராக இருந்தாலும் தான் படித்து, தான் மேலே போயிருப்பான். நீ கோடு போட்ட ஒரு நோட்டு வாங்கி, தினமும் கல்லூரி விட்டதும் நூலகத்தில் உட்கார்ந்து, அதைத் தமிழில் எழுதத் தொடங்கினாய். அடிக்கடி நிறுத்தி என்னைக் கேட்பாய்: "உங்க ஊர்ல இதை எப்படிச் சொல்லுவாங்க?" கருவி சூட்டை உடனே காட்டாது, சற்றுப் பிந்தித்தான் காட்டும் என்பதற்கு ஆங்கிலத்தில் ஏதோ பெரிய சொல் இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நீ விளக்கியதும், "வெறகை இழுத்த பிறகும் ஒல கொஞ்ச நேரம் கொதிக்குமே, அதுமாதிரியா?" என்றேன். அதையே எழுதிக்கொண்டாய். அன்றைக்கு நான் அடைந்த பெருமைக்கு அளவில்லை.

"மெஷின் நம்மள விரட்டலடா, அதோட புக்குதான் விரட்டுது" என்பாய். இன்று பாடத்திட்டக் கூட்டங்களில் வருங்காலத் தொழிற்சாலைக்கு மாணவரைத் தயார் செய்வது பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். உன்னுடைய அந்த ஒரு வரியை யாரும் சொல்வதில்லை.

உன் நோட்டில் ஒரு பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தாய். சூட்டை உணரும் கம்பி ஒரு மெல்லிய பீங்கான் குழாய்க்குள் இருக்கிறது. எரிகிற சூளையிலிருந்து அந்தக் குழாயைச் சட்டென்று உருவினால் விரிசல் விடும். விரற்கடை விரற்கடையாகத்தான் எடுக்க வேண்டும். அந்தப் பக்கத்தை உனக்குப் படித்துக் காட்டிச் சரிபார்த்தவன் நான்தான்.

இனி எழுதப்போவதை நான் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

கடைசி ஆண்டு செய்முறைத் தேர்வுக்கான சூளை. நம் வகுப்பு முழுவதும் இரண்டு மாதமாகச் செய்த பொருள்கள் உள்ளே இருந்தன. கருவியை வைத்து எரிப்பது அதுதான் முதல்முறை. மதியம் நீ சாப்பிடப் போனாய். "கோட்டை மட்டும் பாத்துக்க, எதையும் தொடாத" என்று சொல்லி, அறையை எனக்காகத் திறந்து வைத்துவிட்டுப் போனாய். மேல்துளையில் குழாய் இருந்தது. அதைக் கீழ்த்துளைக்கு மாற்றி, கீழே எவ்வளவு சூடு என்று பார்த்து வைத்தால் நீ வந்ததும் அசந்துபோவாய் என்று எனக்குத் தோன்றியது. வேறு காரணம் எதுவும் இல்லை. உன்னை அசத்த வேண்டும், அவ்வளவுதான். கைக்குக் கோணிச் சாக்கைச் சுற்றிக்கொண்டு குழாயை இழுத்தேன். அனல் முகத்தில் அறைந்தது. பயந்துபோய் ஒரே இழுப்பாக உருவிவிட்டேன்.

டிக் என்று ஒரு சத்தம். நகம் வெட்டும் சத்தம்போல அவ்வளவு சின்னது. குழாயின் நடுவில் மயிரிழைபோல ஒரு கோடு. பிறகு அதை மேல்துளையிலேயே செருகினேன். கோடு போடும் பேனா கொஞ்சம் இறங்கி, மறுபடி ஏறியது. ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ வந்தாய். "எப்படிப் போவுது?" என்றாய். "நல்லாப் போவுது" என்றேன்.

விரிசல் வழியாகச் சூளைப் புகை உள்ளே போய்க் கம்பியைக் கெடுத்தது. உள்ளே இருந்த சூட்டைவிடக் குறைவாகவே கருவி காட்டிக்கொண்டிருந்தது. பொழுது சாயும் நேரத்தில் ஃபோர்மேன் சார் வந்து பார்வைத் துளையில் கண்ணை வைத்தார்.

"போதும்டா. நெறம் வந்துடுச்சு. நிறுத்து."

நீ கோட்டைப் பார்த்தாய். "இன்னும் அம்பது டிகிரி இருக்குதுங்க சார்."

"என் கண்ணு பொய் சொல்லாதுடா."

"இன்னைக்கு ஒருநாள் மெஷினை நம்புங்க சார். தப்பா இருந்தா என்னைக் கேளுங்க."

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார். நான் உன்னிடமிருந்து நான்கு அடி தள்ளி நின்றிருந்தேன். அப்போது சொல்லியிருந்தால்கூட எல்லாம் பிழைத்திருக்கும். நீ இன்னும் கரி தள்ளச் சொன்னாய்.

மூன்று நாள் ஆறவிட்டுச் சூளையைத் திறந்தார்கள். பொருள்கள் இளகிச் சரிந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. முப்பது பேர் உழைப்பில் எதையும் தனியே பிரித்தெடுக்க முடியவில்லை. பெண்கள் மாதிரி அழுகிறான் பார் என்று ஒருவனைக் கேலி செய்யப்போன இன்னொருவனும் அழுதான். சிலர் உன்னைத் திட்டினார்கள். குழாயை வெளியே எடுத்தபோது விரிசல் தெரிந்தது. நீ அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். எரியும்போது உருவினால் மட்டுமே வரும் விரிசல் அது என்பது உனக்குத் தெரியாமல் இருக்குமா? அந்தப் பக்கத்தைச் சிவப்பு மையில் எழுதியவன் நீ.

முதல்வர் அறையில் நம் இருவரையும் நிற்க வைத்துக் கேட்டார்கள். "குழாயை எவன் எடுத்தது?"

நீ என் பக்கம் திரும்பினாய். கோபம் இல்லை. நீ காத்துக்கொண்டிருந்தாய், அவ்வளவுதான். நான் தரையைப் பார்த்தேன். மேசைக் காலுக்கு அடியில் மடித்துச் செருகியிருந்த காகிதம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது.

"சாவி எங்கிட்டதான் சார் இருந்துது" என்றாய் நீ. உண்மைதான். அதற்குமேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

அந்த ஆண்டு செய்முறைத் தேர்வு எழுத உனக்குத் தடை போட்டார்கள். மற்றவர்களுக்கு வேறு பொருள் செய்யத் தவணை கிடைத்தது. கருவி மறுபடி பெட்டிக்குள் போனது. "கண்ணை விட்டுட்டு கோட்டை நம்புனா இப்படித்தான் ஆவும்" என்று ஃபோர்மேன் சார் அடுத்த வகுப்புக்குச் சொன்னபோது, நான் கெடுத்தது உன்னை மட்டும் அல்ல என்று எனக்குப் புரிந்தது. நீ மூன்று மாதம் அலைந்து திறந்த கதவையும் நான்தான் சாத்தியிருந்தேன்.

இரண்டு மாதத்தில் அந்த வடக்குத் தொழிற்சாலையிலிருந்து ஆள் எடுக்க வந்தார்கள். தேர்வு எழுதாததால் உன்னைக் கூப்பிடவில்லை. அதே வளைகோட்டுத் தாளை என் முன்னால் விரித்தார்கள். உன் நோட்டின் சொற்களிலேயே, எங்கே சூடு ஏறுகிறது, எங்கே நிற்கிறது, எங்கே கவனக்குறைவாக ஆற விட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் வியந்துபோய், "யாருப்பா சொல்லிக்கொடுத்தது?" என்றார்.

"எங்க காலேஜுல சார்" என்றேன்.

ஜங்ஷனுக்கு என்னை வழியனுப்ப நீ வந்தாய். என் டிரங்குப் பெட்டியை நீதான் தூக்கி வந்தாய். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். நீயோ, "அங்க புதுசு புதுசா மெஷின் இருக்கும். ஒவ்வொண்ணோட புக்கையும் தமிழ்ல எழுதி அனுப்புடா. இங்க பசங்க படிப்பாங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாய். வண்டி நகர்ந்த பிறகு ஜன்னல் பக்கத்தில் கொஞ்ச தூரம் நடந்து வந்து, "போயிட்டு வாடா" என்றாய்.

ஒரு பாகம் எழுதி அனுப்பினேன். நீளச் சூளையில் வண்டிகள் நகரும் வேகம் பற்றியது. உன்னிடமிருந்து மூன்று பக்கக் கடிதம் வந்தது, அத்தனையும் கேள்விகள். அடுத்த பாகம் எழுத உட்கார்ந்தால் உன் கையெழுத்து கண்முன் வந்துவிடும். நிறுத்திவிட்டேன். "அடுத்தது எப்போ?" என்று நான்கு கார்டு போட்டாய். வேலை அதிகம் என்று ஒரே ஒரு பதில் போட்டேன். கடைசிக் கார்டில், "பரவாயில்லை, தெரிந்ததை வைத்து நானே ஊகித்து எழுதிக்கொள்கிறேன். தப்பாக இருந்தால் வரும்போது திருத்து" என்று எழுதியிருந்தாய்.

நீ மறுவருடம் தேறி, தொழிற்பேட்டையிலேயே ஒரு சின்னக் கம்பெனியில் சூளை பார்க்கச் சேர்ந்தாய். கல்லூரி மாணவர்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் உன் வீட்டுக்கு வந்து, நோட்டைக் கார்பன் வைத்து நகல் எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பொங்கலுக்கு ஊருக்கு வருவேன். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து டவுனுக்கு எத்தனை தூரம்? ஆனாலும் மாதா கோயில் பின்தெருவுக்கு வந்ததில்லை. நீ கேட்பாயோ என்று பயம். கேட்காமலே அன்று பார்த்தாயே, அப்படி மறுபடி பார்த்துவிடுவாயோ என்று அதைவிடப் பயம். ஒருமுறை கடைத்தெருவில் உன்னைத் தூரத்தில் கண்டு ஒரு துணிக்கடைக்குள் நுழைந்துவிட்டேன். நீ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாய். இளைத்திருந்தாய்.

மஞ்சள் காமாலை என்று சொன்னார்கள். பத்தே நாள். எனக்குத் தந்தி வந்து, ரயில் மாறி மாறி வந்து சேர்ந்தபோது கல்லறையில் மண் காய்ந்துவிட்டிருந்தது. உனக்கு முப்பது வயது முடியவில்லை.

இங்கே வேலைக்குச் சேர்ந்ததும் முதல் வேலையாக முதல்வரிடம் போனேன். இப்போது இருப்பவர் புதியவர். நடந்ததை எல்லாம் சொல்லி, பழைய கோப்பில் உன் பெயருக்கு எதிரே எழுதியிருக்கும் 'கவனக்குறைவு' என்பதை அடித்து, அங்கே என் பெயரை எழுதச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "எறந்துபோனவரோட பைலைத் திருத்த ரூல் இல்லீங்களே. இப்ப இதனால யாருக்கு என்ன ஆவப்போவுது?" என்றார். அவர் கெட்டவர் அல்ல. நான் எழுதிக் கொடுத்த தாளை வாங்கி அந்தக் கோப்பிலேயே வைத்தார். வைத்தார், அவ்வளவுதான். யாராவது என்றைக்காவது பிரித்தால் இரண்டையும் பார்ப்பார்கள்.

அதன் பிறகுதான் உன் அம்மாவிடம் போக எனக்குத் தைரியம் வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை போனேன். அம்மா இன்னும் வேலைக்குப் போகிறார்கள். கைரேகைகளில் வெள்ளைக் களிமண் படிந்திருந்தது. "வாப்பா, வூடு இப்பதான் தெரிஞ்சுதா?" என்றார்கள். உட்காரச் சொன்னார்கள். உட்காராமல் நின்றபடியே சொன்னேன். குழாயை உருவியது நான், உன்னிடம் மறைத்தது நான், முதல்வர் அறையில் வாய் திறக்காதது நான்.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். முறம் நிற்கவில்லை.

"தெரியும்பா" என்றார்கள். "சூளை தெறந்த அன்னைக்கே வந்து சொன்னான்."

அதற்குப் பிறகு நான் ரயிலேறும் வரை எத்தனை நாள் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். அம்மாவே பரிமாறி, இன்னும் கொஞ்சம் போட்டுக்க என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அப்பறம் ஏம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"நான் கேக்கறேன்னுதான் கெளம்புனேன். ஒன் காலேஜுக்கே வந்து கேக்கறேன்னு பொடவைய மாத்திக்கிட்டு நின்னேன். அவந்தான் வழிய மறிச்சிக்கிட்டான். 'கேக்காதம்மா. கேட்டீன்னா அவன் நம்ம வூட்டுக்கு வர்றத நிறுத்திடுவான்'னான்."

முறத்தைக் கீழே வைத்தார்கள். என்னைக் குற்றம் சொல்லும் குரலில் அல்ல, நடந்ததை நடந்தபடி சொல்லும் குரலில், அம்மா சொன்னார்கள்: "நாங்க கேக்கவே இல்ல. ஆனாலும் நீ நிறுத்திட்டியேப்பா."

அப்போதுதான் உட்கார்ந்தேன். அழுதேன் என்று நினைக்கிறேன். அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனார்கள்.

உன் நோட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. அம்மாதான் கொடுத்தார்கள். நீ ஊகித்து எழுதிய பாகங்களைப் படித்தேன். நீளச் சூளையை ஒருமுறைகூடப் பார்க்காதவன் எழுதியது அது. எட்டு வருடம் அதோடு வேலை செய்த நான் திருத்தியது பதினோரு இடங்கள் மட்டும். ஒவ்வொரு திருத்தத்தையும் பென்சிலில்தான் போட்டிருக்கிறேன். பேனாவை எடுக்கக் கை வரவில்லை. நாளை முதல் கடைசி ஆண்டுக்கு அதிலிருந்துதான் நடத்தப்போகிறேன். எழுதியவன் பெயரை முதல் மணி நேரத்திலேயே சொல்லுவேன். அவனுக்கு நான் செய்ததையும் சொல்லுவேன். அதைக் கேட்டபின் அவர்கள் என்னை எப்படிப் பார்த்தாலும் சரி.

ஆனால் நான் சுமப்பது அந்த விரிசலை அல்ல, அந்த நோட்டையும் அல்ல. அவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு வழி கிடைத்துவிட்டது. நான் உன் வீட்டுக்கு வர வேண்டும் என்பதற்காக நீ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றனவே, அவற்றை எங்கே இறக்கி வைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.